காலாங் ஆற்றுக்கு மறுபடி வேலி போடாதீர்கள்

பெருமழை பெய்து ஓய்ந்தால் போதும், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரம் கம்பிவேலி போட வேண்டுமாம். கரையில் புல் காடாக மண்டிக் கிடக்கிறதாம், ஒட்ட வெட்டிவிட வேண்டுமாம். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேலியைப் பிடுங்கி எறியத்தான் சிங்கப்பூர் அவ்வளவு பாடுபட்டது.

வயதில் இளையவர்களுக்குப் பழைய கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பீஷான் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் கான்டனியர்களின் பெரிய இடுகாடு. பெக் சான் தெங் என்று பெயர், 1870இல் தொடங்கியது. நகரமைப்புக்காக அரசாங்கம் அதைக் கையகப்படுத்தி, சமாதிகளைத் தோண்டி எடுத்து அகற்றிய பிறகுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள் எழுந்தன. 1988இல் பூங்கா வந்தது. ஆறு மட்டும் கான்கிரீட் கால்வாயாகவே கிடந்தது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகும் காலாங் ஆறு, இந்தத் தீவின் மிக நீளமான ஆறு. பூங்காவின் ஓரத்தில் அது 2.7 கிலோமீட்டர் தூரத்துக்கு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் குடியிருப்பு, நடுவில் கம்பிவேலி. வெயில் காலத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர், மழை வந்தால் சீறிப் பாயும் வெள்ளம். அருகில் போகாதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்.

2006இல் நீர்நிலைகளை மக்களுக்கு நெருக்கமாக்கும் திட்டத்தை, நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் கொண்டுவந்தது. அதன் கீழ், தேசியப் பூங்காக் கழகத்துடன் சேர்ந்து இந்தக் கால்வாயை உடைத்தார்கள். கான்கிரீட்டை எடுத்தால் கரை நிற்குமா? நம் ஊர் மழைக்குச் செடியும் கல்லும் தாங்குமா? 2009இல் சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு வடிகாலில் சோதித்துப் பார்த்தார்கள். கம்புகளைக் கட்டுக்கட்டாகப் புதைத்தும், கம்பிவலைக்குள் கற்களை நிரப்பியும், இடுக்குகளில் செடி நட்டும் பார்த்தார்கள். எந்தச் செடியின் வேர் மண்ணை இறுகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே ஆற்றில் கை வைத்தார்கள். 2012இல் பூங்கா திறந்தபோது ஆறு வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டராகியிருந்தது. உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை. பாளம் பாளமாக அடுக்கி ஒரு குன்றே செய்துவிட்டார்கள். அதன் மேல் நின்றால் ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும். வெளியூர் உறவினர்கள் வந்தால் நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான்.

அந்தப் புல்வெளி வெறும் அழகுக்காக விடப்பட்டது அல்ல. மழை இல்லாத நாளில் ஆறு ஓடை போல ஒடுங்கி ஓடும். மழை வலுத்தால் முதலில் ஆற்றைக் கடக்கும் படிக்கற்கள் மூழ்கும். பிறகு தண்ணீர் மெல்லப் புல் சரிவில் ஏறி, சுமார் 100 மீட்டர் அகலம் வரை பரவும். இருபது மீட்டர் சொச்சம் அகலமிருந்த பழைய கால்வாயில் இதற்கு இடமேது? நீர்மட்டத்தை உணர்கருவிகள் கவனிக்கின்றன. மட்டம் ஏறத் தொடங்கியதும் விளக்கு மின்னும், அபாயச் சங்கு ஒலிக்கும். சரிவு படிப்படியாக உயர்வதால் நடந்தே மேலே வந்துவிடலாம். செங்குத்தான கால்வாய்ச் சுவரில் விழுந்தவர் அப்படி ஏற முடியுமா? மறுநாள் காலை போய்ப் பாருங்கள். புல்லெல்லாம் ஆறு போன திசையிலேயே படிந்து கிடக்கும், புல் தண்டுகளில் சுள்ளியும் சருகும் சிக்கியிருக்கும். ஒட்ட வெட்டிய புல்லால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

வேலி இருந்திருந்தால் நீர்நாய்கள் இப்படிக் கரையேறியிருக்குமா? 2014 வாக்கில் ஒரு ஜோடி இங்கே தென்பட்டது. அடுத்த ஆண்டே அது பத்து பேர் கொண்ட குடும்பமாகி, தீவு முழுவதும் பேர் பெற்றது. தண்ணீரிலிருந்து வந்து மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும் குட்டிகளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வலையும் குப்பியுமாக ஓரத்தில் குந்தியிருக்கும் சிறுவர்களை இன்றும் வார இறுதியில் காணலாம். ஆழம் குறைந்த இடம் எது, கால் வழுக்கும் கல் எது என்று அவர்களுக்குத் தெரியும். என் தலைமுறைக்குத் தெரியாது.

கொசுத் தொல்லையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். கொசு வளர்வது தேங்கிய நீரில். ஓடும் நீரும் அதிலுள்ள மீனும் தட்டான் புழுவும் அதற்குப் பகை.

எல்லாக் கால்வாய்க்கும் இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருபுறமும் அடுக்குமாடி நெருக்கும் இடத்தில் ஆறு எங்கே விரியும்? இங்கே பக்கத்தில் 62 ஹெக்டர் பூங்கா இருந்ததால் முடிந்தது. ஆனால் திடலோ பூங்காவோ ஒட்டியிருக்கும் கால்வாய்கள் இன்னும் எத்தனையோ உள்ளன. இதே காலாங் ஆறும் பூங்காவின் எல்லை தாண்டியதும் மறுபடி கான்கிரீட்டுக்குள் போய்விடுகிறது. அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் வேலி கேட்டு மனுக் கொடுக்கப் போகிறவர்கள், அதற்குப் பதிலாக மேரிமவுண்ட் சாலைப் பக்கம் கூடுதல் எச்சரிக்கைப் பலகையும் மிதவை வளையங்களும் கேளுங்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.