கல்யாணத்தோடு முடியவில்லை

1961 இல் கல்யாணம் ஆனதோடு நாட்டியப் பேரொளி பத்மினியின் திரை வாழ்க்கை முடிந்தது என்று அவரைப் பற்றி வந்த கட்டுரையில் இருக்கிறது. அது பிழை. 'தில்லானா மோகனாம்பாள்' வந்ததே 1968 இல்தானே!

எண்பதுகளில் இலங்கையின் வன்னியில், விசுவமடுவில், டெக் (வீடியோ கருவி) வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்ப்போம். 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டிக்கு ஆடும்போது மட்டும் அம்மம்மா பாக்கு இடிப்பதை நிறுத்திவிடுவா. அவ எப்போதும் பத்மினி பக்கம். நான் மற்றப் பக்கம், ஆனால் வாய் திறப்பதில்லை. வைஜயந்திமாலாவினது பரத ஆசான் வழுவூர் இராமையா பிள்ளையிடம் படித்த ஆட்டம், சும்மாவா? பத்மினி பின்னாளில் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், நடனப் பள்ளி நடத்தினார். அதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.