காலடிப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு

போன வாரம் ஆபீஸில் டீ நேரத்தில் ஒரு வாய்ச்சண்டை. சோழிங்கநல்லூரிலிருந்து வரும் நண்பர் ஆரம்பித்தார்: "54 கிலோமீட்டர் மெட்ரோ ரயிலை வெச்சுக்கிட்டு சென்னையை நாமெல்லாம் மெட்ரோ சிட்டின்னு சொல்லிக்கிறோம். டெல்லியைப் பாருங்க, 2002ல ஆரம்பிச்சு 400 கிலோமீட்டர் கிட்ட வந்துட்டான்." எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. அவர் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் கிலோமீட்டரை வைத்து மெட்ரோவை அளப்பது, காம்பவுண்டு சுவரின் நீளத்தை வைத்து வீட்டை அளப்பது மாதிரி. பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் டீ ஆறிப்போனது, மீட்டிங்குக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் காலடிப்பேட்டை. (ஆதிசங்கரர் காலடி என்று நினைத்து இரண்டு பேர் ஏற்கெனவே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் காலட் என்ற வெள்ளைக்காரக் கவர்னர் நெசவாளிகளைக் குடிவைத்த இடம். காலட்பேட்டை, வாயில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது.) வேலை கிண்டியில். நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்வந்தே இருபது வருஷம் ஓடிவிட்டது.

2015 ஜூன் 29இல் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் ரயில் ஓடியது. ஏழு ஸ்டேஷன், சுமார் 10 கிலோமீட்டர். எங்கள் பகுதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான், மனைவி, அப்போது ஆறு வயதான பையன் மூன்று பேரும் பஸ் மாறி மாறி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, கோயம்பேட்டுக்கு மெட்ரோ 'பார்க்க'ப் போனோம். பொருட்காட்சிக்குப் போவதுபோலத்தான். ஆளுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட், ஆலந்தூரில் இறங்கி, அதே வழியில் திரும்ப நாற்பது. மொத்தம் 240 ரூபாய். "அரைக்கிலோ மட்டன் காசுடா" என்றார் அம்மா, வீட்டுக்கு வந்து கணக்குச் சொன்னதும்.

அந்தப் பயணத்தில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஏசியும் இல்லை, கண்ணாடிக் கதவும் இல்லை. பையன் கேட்ட ஒரு கேள்வி. "அப்பா, நாம நின்னுட்டு வர்றோம், அந்தப் பெட்டி ஏன் காலியா இருக்கு?" அது ஸ்பெஷல் கிளாஸ். டபுள் சார்ஜ். நாலு பெட்டி ரயிலில் ஒரு பகுதியைப் பணக்காரர்களுக்கென்று தடுத்துவைத்து ஓட்டினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2020 நவம்பரில்தான் அதைப் பெண்களுக்கான பெட்டியாக மாற்றினார்கள். மெட்ரோ வளர்ச்சி என்று யாராவது பட்டியல் போட்டால் இந்த மாற்றத்தை நான் முதலில் எழுதுவேன். ஒரு அங்குலம் தண்டவாளம் கூடப் போடாமல் ரயிலில் இடம் உண்டாக்கிய நாள் அது.

அதற்குப் பிறகு ரயில் எங்களை நோக்கி மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தது. 2016இல் விமான நிலையம் - சின்னமலை. 2017 மே மாதம் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை முதல் சுரங்கப் பாதை. 2018இல் சென்ட்ரல். நடுவில் மவுண்ட் ரோட்டில் என்னென்ன நடந்தது என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த கம்பெனி பாதியில் போனது. வருஷக்கணக்கில் ரோடு ஒருவழிப் பாதை ஆனது. 2017 ஏப்ரலில் ரோடே வாயைத் திறந்து ஒரு பஸ்ஸையும் ஒரு காரையும் உள்ளே இழுத்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஒருவழியாக 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்து, முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டர் முடிந்தது.

இங்கேதான் வடசென்னைக்காரனுக்கு வயிறு எரியும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி எங்கள் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. துறைமுகம் இங்கே, அனல் மின் நிலையம் இங்கே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இங்கே, புகையும் கண்டெய்னர் லாரியும் இங்கே. மெட்ரோ மட்டும் வண்ணாரப்பேட்டையோடு நின்றது. விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டிப்பதற்கு 2021 பிப்ரவரி 14 வரை காத்திருந்தோம். அடுத்த வாரமே அதிகபட்சக் கட்டணத்தையும் 70 ரூபாயிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். காதலர் தினத்துக்கு எனக்கு யாரும் இதைவிட நல்ல பரிசு கொடுத்ததில்லை. மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மாற்றம் என்னவென்று கேட்டால் இதுதான். முன்பு திருவொற்றியூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, பீச்சில் இறங்கி, தாம்பரம் வண்டி பிடித்து, கிண்டி. வண்டி சரியாகக் கிடைத்தால் ஒன்றரை மணி நேரம். கொருக்குப்பேட்டை பக்கம் சிக்னலில் நின்றுவிட்டால் கணக்கே கிடையாது. இப்போது காலடிப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் கிண்டி. இடையில் இறங்கி ஏறும் வேலையே இல்லை. வருஷக்கணக்கில் நான் தொலைத்துக்கொண்டிருந்த நேரத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தது, அந்த ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகிற வசதிதான்.

சரி, இப்போது என் அம்மாவுக்கு வருகிறேன். எழுபத்து மூன்று வயது, இரண்டு முட்டியிலும் வலி. மாதம் ஒருமுறை சென்ட்ரல் பக்கம் செக்கப். மெட்ரோவில் போனால் நேராகச் சென்ட்ரல், ஏசி, உட்கார இடம். முதல் தடவை கூட்டிப் போனபோது பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஆஸ்பத்திரி மாரி க்ளீனா கீது" என்று செருப்பைக் கழற்றப் பார்த்தார். இரண்டு தடவை வந்தார். மூன்றாவது மாதம், "நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றார்.

ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது, 2021இலிருந்தே. அதுதான் காரணம் என்று நினைத்தேன். காசு நான்தானே கொடுக்கிறேன் என்று சண்டை போட்டேன். அப்புறம் ஒருநாள் அவர் நடக்கிற வேகத்தில் அவரோடு கூடவே நடந்து பார்த்தேன். வீட்டுத் தெருவிலிருந்து டிஎச் ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு). அங்கே நடைபாதை என்று இருந்த இடத்தில் பாதி தூரம் டூவீலர், மீதி தூரம் திறந்த கால்வாய் மூடி. அடுத்து, லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டிப் போனால் லிப்ட் எதிர்ப் பக்கத்து வாசலில். மேலே ஏறி, பை ஸ்கேன் செய்து, கேட் தாண்டி, இன்னொரு லிப்ட். மொத்தம் இருபத்தாறு நிமிஷம். ரயிலில் உட்கார்ந்த நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பஸ்ஸோ எங்கள் தெருமுனையில் நிற்கிறது.

"ரயிலு நல்லாத்தான் கீது. அதுங்கிட்ட போறதுக்கு இன்னொரு ரயிலு வேணும்" என்றார் அம்மா.

அன்றிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இருபத்தாறு நிமிஷம்தான் மனசில் ஓடுகிறது. என் கட்சி இவ்வளவுதான்: மெட்ரோ வளர்ந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் தண்டவாளத்தின் கடைசி முனை இல்லை, ஸ்டேஷன் படிக்கட்டின் கீழ்ப்படி.

இது கற்பனை பயம் இல்லை. இந்த ஊர் ஒரு தடவை இதே தப்பைச் செய்து பார்த்திருக்கிறது. தூண்மேல் ஓடும் பறக்கும் ரயில். 1995இல் பீச் - சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. கிலோமீட்டர் கணக்கில் அதுவும் அழகாகத்தான் வளர்ந்தது. ஸ்டேஷன் கட்டடங்களைப் பாருங்கள், கல்யாண மண்டபம் மாதிரி ஒவ்வொன்றும். உள்ளே ஆள் இல்லை, வெளியே வெளிச்சம் இல்லை, பக்கத்தில் பஸ் ஸ்டாப் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தனியாக ஒரு பெண் அங்கே இறங்கி நடக்க யோசிக்கிற மாதிரி கட்டிவைத்துவிட்டு, 'கூட்டம் வரவில்லை' என்று அலுத்துக்கொண்டோம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். அதில் கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத் தகராறில் பத்து வருஷத்துக்கு மேல் தூணும் துண்டுமாக நின்றது. மெட்ரோ, மின்சார ரயில், பறக்கும் ரயில் மூன்றும் சேர வேண்டிய இடம் பரங்கிமலை. அந்த அரைக் கிலோமீட்டர்தான் மொத்த 19 கிலோமீட்டரின் உயிர்நாடி என்று யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை.

இப்போது இரண்டாம் கட்டம். கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டி, செலவைப் பங்கிட மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் மாதவரத்தில் 'நீலகிரி' என்று பெயர் சூட்டிய இயந்திரம் மண்ணுக்குள் போய் வேலையைத் தொடங்கிவிட்டது. (மலைகளின் பெயரைச் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம்.) வளசரவாக்கம் பக்கம் ஒரே தூணில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வழித்தடம் போவதைப் பார்த்தால் நிஜமாகவே வாய் பிளக்கத்தான் தோன்றும். டிரைவர் இல்லாத ரயில் வேறு.

எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் நான் கவனித்துக்கொண்டிருப்பது மயிலாப்பூரின் திருமயிலை ஸ்டேஷனை. மாதவரம் - சிறுசேரி தடமும் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி தடமும் அங்கே பூமிக்கடியில் சந்திக்கின்றன. மேலே, கண்ணுக்கு நேரே, 1997இலிருந்து பறக்கும் ரயில் நிற்கிறது. ஒரு பாட்டி சிறுசேரி ரயிலில் வந்து இறங்கி, மழையில் நனையாமல், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் பறக்கும் ரயிலுக்குப் போக முடிகிறதா? அதை வைத்து மார்க் போடுவேன். இன்னொன்று பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பிடுங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம் அந்த வழியாகப் போகிறது. வீட்டு வேலைக்கு விடிகாலையில் நகரத்துக்குள் வருகிற அக்காக்களால் அந்த டிக்கெட் வாங்க முடியுமா? இலவச பஸ்ஸும் ஐம்பது ரூபாய் ரயிலும் ஒரே ரோட்டில் போட்டி போட்டால் அவர்கள் எதில் ஏறுவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஆலோசகர் கம்பெனி தேவையில்லை.

"அப்போ மெட்ரோவே வேண்டாம், அந்தக் காசுக்கு பஸ் விடலாம்" என்று கமெண்ட்டில் நாலு பேர் வருவார்கள், தெரியும். கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல் ஆகிறது, உண்மை. மாநகர பஸ் மூவாயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது, அது போதவே போதாது, அதுவும் உண்மை. ஆனால் மவுண்ட் ரோட்டில் எந்த பஸ்ஸை எவ்வளவு விட்டாலும் என்னைக் காலடிப்பேட்டையிலிருந்து முக்கால் மணி நேரத்தில் கிண்டியில் இறக்க முடியாது. 2020இல் கொரோனாவில் 1 கோடியே சொச்சம் பயணம் என்று சுருங்கிய மெட்ரோ, 2024இல் 10 கோடியைத் தாண்டியிருக்கிறது. ஜனம் ஏறுகிறது. காலையில் எட்டேகாலுக்கு உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் ஏற முயற்சி செய்து பாருங்கள். பிளாட்பாரத்தை ஆறு பெட்டிக்குக் கட்டிவிட்டு ரயிலை நாலு பெட்டியோடு விடுகிறார்களே என்று நீங்களே திட்டுவீர்கள்.

பஸ்ஸும் ரயிலும் எதிரிகள் என்று யார் சொன்னது? இரண்டையும் ஒரே கையில் வைக்க ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் போட்டது 2010இல். நடைமுறைக்கு வந்தது 2019இல். ஒன்பது வருஷம் காகிதத்தில் தூங்கியது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' ஆப் வந்து பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் போனிலேயே ஒரே டிக்கெட் என்றானதும் நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், அன்றே இறக்கிக்கொண்டேன். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

கிளாம்பாக்கம் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரு வரி மட்டும்: 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் புறநகரில் வெளியூர் பஸ் நிலையத்தைத் திறந்தபோது, விமான நிலையத்திலிருந்து அங்கே போக வேண்டிய 15 கிலோமீட்டர் மெட்ரோ வெறும் அறிக்கையாக இருந்தது.

நம்ம சோழிங்கநல்லூர் நண்பருக்கு: உங்கள் ஏரியாவுக்கு ரயில் வருகிறது, வாழ்த்துகள். வந்ததும் ஒரு நாள் ஏறும் முன்னால் வீட்டுக் கதவைப் பூட்டுகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிளாட்பாரத்தில் கால் வைக்கிற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நடையில் வேண்டாம், உங்கள் அம்மாவின் நடையில். எத்தனை நிமிஷம் என்று எனக்குச் சொல்லுங்கள். டெல்லியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

விம்கோ நகருக்கும் வடக்கே, எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் ஸ்டேஷனுக்கு எதில் வருகிறீர்கள், ஷேர் ஆட்டோ எவ்வளவு வாங்குகிறான் என்று கீழே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு செக்கப். 'பஸ்ஸு' என்று இப்போதே சொல்லிவிட்டார்.