சட்டத்தால் வளர்ந்த மொழி அல்ல வோலோஃப்

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில், அரசு ஊக்குவித்ததால்தான் வோலோஃப் மொழி பொதுமொழி ஆனது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆட்சிமொழி இன்றுவரை பிரெஞ்சுதான். 2001 அரசியலமைப்பு செரேர், புலார், ஜோலா முதலான மொழிகளோடு சேர்த்துத்தான் வோலோஃபையும் தேசிய மொழி என்கிறது. தனிச் சலுகை எதுவும் இல்லை. பிறப்பால் வோலோஃப் இனத்தவர் நாட்டில் பாதிகூட இல்லை. ஆனாலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதைப் பேசுகிறார்கள்!

இதைச் செய்தது நிலக்கடலை வியாபாரமும் ரயிலும் தலைநகர் டக்காரின் சந்தையும். முரீது என்ற இஸ்லாமிய ஆன்மிக அமைப்பைச் சேர்ந்த சூஃபிகளின் பங்கும் பெரியது. அரபு எழுத்தில் வோலோஃபை எழுதும் 'வோலோஃபல்' முறையில் மூசா கா போன்றவர்கள் பாடிய கவிதைகள், பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன.

அரசு என்ன செய்தது? செரேர் இனத்தவரான அன்றைய அதிபர் செங்கோர், இயக்குநர் செம்பேன் வோலோஃபில் எடுத்த 'செட்டோ' (Ceddo) படத்தை அதன் பெயரில் 'd' எழுத்து ஒன்றா இரண்டா என்ற சண்டையில் முடக்கிவைத்தார்.

தெருவில் ஒருவர் 'நங்கா டெஃப்?' என்று நலம் விசாரித்தால் 'மாங்கி ஃபி ரெக்' என்பார்கள். 'இங்கேதான் இருக்கிறேன்' என்று பொருள். பதில் சொல்பவர் செரேரா ஜோலாவா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் புலார் பேசுகிறவர்களில் பலருக்கு இதில் மனக்குறை உண்டு. பிள்ளைகள் நகரத்துக்குப் போனதும் தாய்மொழியை விட்டுவிடுகிறார்கள் என்ற அவர்கள் வருத்தத்தைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கக் கூடாது.