பாட்டுக் கேட்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நான் காசு கொடுத்து வாங்கிய வைஃபை ஸ்பீக்கர். என் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது, என் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது பாடலாமா கூடாதா என்பதை எங்கோ இருக்கிற ஒரு நிறுவனத்தின் சர்வர் முடிவு செய்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. ஒலியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற பெட்டியிலிருந்து இவ்வளவு கனமாக ஒலி எழும்புகிறதே என்று வியந்திருக்கிறேன். அதைச் செய்த பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். அவர்கள் உழைப்பை ஒரு கணக்குக்கும் கடவுச்சொல்லுக்கும் பின்னால் கட்டிப்போட்டவர்கள் மேல்தான் என் கோபம் எல்லாம்.

பெட்டியைப் பிரித்த நிமிடத்திலேயே தொல்லை தொடங்கிவிடுகிறது. பிளக்கைச் செருகினால் விளக்கு எரியும், சத்தம் வராது. முதலில் செயலியை இறக்க வேண்டும். செயலிக்குள் நுழையக் கணக்கு வேண்டும். கணக்குக்கு மின்னஞ்சல், கைபேசி எண், கடவுச்சொல். அடுத்து இருப்பிட அனுமதி. பக்கத்திலுள்ள வைஃபை, புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே பழைய ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி தேவைப்பட்டது என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். தேடிக் கண்டுபிடித்த பிறகு எதற்கு? அதற்குப் பதில் இல்லை. பிறகு ஸ்பீக்கர் தானே ஒரு தற்காலிக வைஃபையைத் தொடங்கும். கைபேசி வீட்டு வைஃபையை விட்டுவிட்டு அதில் சேர வேண்டும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். கைபேசி 5 கிகாஹெர்ட்ஸிலும் ஸ்பீக்கர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இருந்துவிட்டால் சில ரவுட்டர்களில் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே செய்யாது. எல்லாம் முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்தால் மென்பொருளைப் புதுப்பிக்கிறேன் என்று விளக்கு சுற்றத் தொடங்கும். பாட்டு இன்னும் வந்தபாடில்லை.

இதையெல்லாம் ஒரு முறைதானே என்று பொறுத்துக்கொள்ளலாம். இணையம் போகிற நாளில்தான் உண்மை முகம் தெரியும். எங்கள் வீட்டில் பாடல்கள் அத்தனையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அது ரவுட்டரோடு இணைந்திருக்கிறது. ஸ்பீக்கரும் அதே ரவுட்டரில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை. ஒரு மாலையில் வெளி இணைப்பு மட்டும் அறுந்தது. வீட்டுக்குள் வைஃபை நன்றாகவே இருந்தது. செயலியைத் திறந்தால் உள்ளே நுழைய முடியவில்லை, சர்வரோடு தொடர்பில்லை என்று நிற்கிறது. அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டார்: "பாட்டு நம் வீட்டில்தானே இருக்கிறது? ஸ்பீக்கரும் இங்கேதானே இருக்கிறது?" எவ்வளவு நியாயமான கேள்வி! அந்தச் செயலியை வடிவமைத்தவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா? அன்று அம்மா தூங்கப் போகும் வரை வீடு மௌனமாகத்தான் இருந்தது.

அடுத்தது சேர்த்து வைக்க முடியாத கொடுமை. கூடத்தில் ஒரு நிறுவனத்தின் ஸ்பீக்கர். படுக்கையறையில் இன்னொரு நிறுவனத்துடையது; அது அன்பளிப்பாக வந்தது. இரண்டிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். இது பேராசையா? பல அறைகளில் ஒரே பாட்டைப் பிசகாமல் ஒலிக்கவிடும் கருவியை சோனோஸ் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனம் 2005-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதாவது தொழில்நுட்பத்தில் முட்டுக்கட்டை எதுவும் இல்லை. ஆனால் வைஃபை வழியே ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்ப ஆப்பிளுக்கு ஏர்பிளே, கூகுளுக்கு அதன் காஸ்ட், அமேசானுக்கு அலெக்ஸாவின் கீழ் தனியாக ஒரு முறை. ஒவ்வொன்றும் தன் கூட்டத்தோடு மட்டும் பேசும். ஏர்பிளேயும் காஸ்ட்டும் இரண்டுமே தெரிந்த ஸ்பீக்கர்கள்கூடச் சந்தையில் உண்டு. ஆனால் அந்தக் குழுவில் ஒன்றையும் இந்தக் குழுவில் ஒன்றையும் சேர்த்து ஒரே பாட்டைப் போட வழி கிடையாது. ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து மேட்டர் என்ற பொதுத் தரத்தை உருவாக்கி 2022-இல் வெளியிட்டார்கள். விளக்குக்கும் பூட்டுக்கும் சுவிட்சுக்கும் பொது மொழி பிறந்தது. பாட்டை அறை அறையாகக் கொண்டுசேர்ப்பதற்கு மட்டும் பிறக்கவில்லை. மனமிருந்தால் முடியும் என்பதை அவர்களே நிரூபித்துவிட்டார்கள். பாட்டு விஷயத்தில் மனமில்லை, அவ்வளவுதான்.

ஏன் மனமில்லை? 2017 முதல் 2021 வரையிலான ஆண்டுகளில் அமேசானின் கருவிகள் பிரிவு 2,500 கோடி டாலருக்கு மேல் இழந்தது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024-இல் எழுதியது. இவ்வளவு பணத்தை ஒருவன் பாட்டுக்காக இழப்பானா? மலிவாக ஒரு பெட்டியை வீட்டுக்குள் நுழைத்துவிட்டால், பிறகு அதன் வழியாகப் பொருள் விற்கலாம், சந்தா விற்கலாம், அடுத்த கருவியையும் தங்களிடமே வாங்க வைக்கலாம் என்பதுதான் கணக்கு. வாங்குகிறவனுக்கு அது ஸ்பீக்கர். விற்கிறவனுக்கு அது வீட்டுக்குள் வைத்த கால். எக்கோ என்பது அமேசானின் ஸ்பீக்கர் வரிசை. சில எக்கோ கருவிகளில் குரல் பதிவை அமேசானுக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே கையாளும் வசதி இருந்தது. 2025 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள். வாங்கும்போது இருந்த வசதி. வாங்கியவரைக் கேட்காமல் போன வசதி.

கேட்காமல் பறிப்பது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சோனோஸ் தன் காப்புரிமைகளை மீறியதாக கூகுள் மேல் 2020-இல் வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வணிக ஆணையம் கூகுள் மீறியது உண்மைதான் என்று சொன்னது. உடனே கூகுள் என்ன செய்தது? மக்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து வசதிகளை உருவியது. நான்கு ஸ்பீக்கரைக் குழுவாக வைத்திருந்தவர் கைபேசியின் ஒலிப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டவும் குறைக்கவும் செய்துகொண்டிருந்தார். மறுநாள் முதல் அது முடியாது. செயலியைத் திறந்து ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். குழந்தை தூங்கிவிட்டது, சத்தத்தைச் சட்டென்று குறைக்க வேண்டும் என்றால் நான்கு முறை விரலை இழுக்க வேண்டும். 2023 அக்டோபரில் நீதிபதி இதே இரு நிறுவனங்களுக்கு இடையிலான வேறொரு வழக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகு வசதி திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்துக்கு வாங்கியவருக்கு யார் பதில் சொன்னார்கள்? வழக்கில் அவர் வாதியா, பிரதிவாதியா? இரண்டு பணக்காரர்கள் நீதிமன்றத்தில் மோதிக்கொள்ள, தண்டனை மட்டும் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

அதற்காக சோனோஸை நான் நல்லவர் பட்டியலில் சேர்க்கத் தயாரில்லை. அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பழைய ஸ்பீக்கரைக் கொடுத்தால் புதியதற்கு 30 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். திருப்பி அனுப்பக்கூட வேண்டாம். செயலியில் மறுசுழற்சி நிலை என்று ஒரு பொத்தானை அழுத்தினால் 21 நாள் கெடு ஓடத் தொடங்கும். கெடு முடிந்ததும் அந்த ஸ்பீக்கர் நிரந்தரமாகச் செத்துவிடும். பழுதான ஸ்பீக்கர் அல்ல, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர். இன்னொருவருக்குக் கொடுத்தாலும் பயன்படாது. மறுசுழற்சிக் கூடத்தில் அதைக் கையில் எடுத்தவர்களே வயிறெரிந்தார்கள். விஷயம் 2019 டிசம்பரில் வெளியே வந்து கண்டனம் கிளம்பிய பிறகுதான் அந்தக் கெடுவை விலக்கினார்கள். பாட்டுப் பெட்டியைக் கொல்ல ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லி, மற்றவர்கள் சரி என்று தலையாட்டியிருக்கிறார்களே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதே நிறுவனம் 2024 மே மாதம் புதுச் செயலியைத் தள்ளியது. அலாரம் காணாமல் போனது, தூங்கும் நேரத்துக்கு ஒலியை நிறுத்தும் வசதி காணாமல் போனது. பழைய செயலியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று மன்றாடியும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். போகட்டும், காலையில் ஸ்பீக்கர் எழுப்பும் என்று நம்பிப் படுத்தவருக்கு அதனால் என்ன லாபம்?

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய ஸ்பீக்கர்களுக்கு வைஃபை உயிர் கொடுக்கும் சின்ன வட்டக் கருவி ஒன்றை கூகுள் 2015-இல் கொண்டுவந்தது: குரோம்காஸ்ட் ஆடியோ. 2019-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் வைத்திருந்தார்கள், அது பாடிக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுக்க அந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. வயர் அறுந்ததா, சிப் வெந்ததா? எதுவும் இல்லை. கருவி உண்மையானதுதான் என்று உறுதிசெய்யும் ஒரு டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள் வைத்திருந்தார்கள். அதன் தேதி முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிக்கும் நினைவு யாருக்கும் இல்லை. சில நாட்களில் சரிசெய்தார்கள். ஆனால் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கருவியைத் தொடக்க நிலைக்கு மாற்றியவர்கள் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. வீட்டை விற்றுவிட்டுச் சாவியை விற்றவனே இடுப்பில் செருகிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது இது. சாவி தொலைந்தது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. வாசலில் நிற்பது நாம்.

"அப்படியானால் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசியை எடுத்துக்கொண்டு இரண்டு சுவர் தாண்டிப் போனால் பாட்டு அறுந்து அறுந்து வரும். அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். வீடு முழுவதும் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தானே வைஃபைக்கு வந்தோம்? அது போகட்டும், ஒரு வயரையாவது செருக இடம் கொடுத்தார்களா? ஆப்பிளின் ஸ்பீக்கரான ஹோம்பாட் முதன்முதலில் 2018-இல் வந்தபோது அதில் ஆடியோ வயருக்கான துளையும் இல்லை, புளூடூத் வழியே பாட்டு அனுப்பவும் முடியாது. எக்கோ டாட்டில் இருந்த 3.5 மில்லிமீட்டர் துளையை 2022-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். சர்வர் செத்தாலும் செயலி செத்தாலும் அந்த ஒரு துளை போதும், பெட்டி தன் பிறவி வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஸ்பீக்கரில் இரண்டு வயரைக் கோத்தால் இன்றைக்கும் பாடுகிறது. கூம்பும் காந்தமும் அப்படியொன்றும் சீக்கிரம் கெட்டுப்போகிற சாமான்கள் அல்ல.

சர்வர் நடத்தச் செலவாகும், என்றென்றைக்கும் நடத்த முடியாது என்பது எனக்கும் புரிகிறது. நடத்தச் சொல்லவில்லை. நிறுத்தும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்கிறேன். 2013-இல் அறிமுகமான சவுண்ட்டச் வரிசைக்குத் தன் சர்வர் ஆதரவை நிறுத்தப் போவதாக போஸ் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2026 தொடக்கத்தில் அந்த ஸ்பீக்கர்களை வெளியார் எழுதும் செயலிகள் கட்டுப்படுத்துவதற்கான ஆவணங்களை நிறுவனமே வெளியிட்டது. ஒருவன் செய்ய முடிந்ததை மற்றவர்களால் ஏன் முடியாது? கொதித்தால்தான் கொடுப்பார்கள் என்றால் முன்கூட்டியே கொதிக்கிறேன்.

பெட்டியின் மேல் வாட் கணக்கு அச்சிடுகிறார்கள், நிறத்தின் பெயரை அச்சிடுகிறார்கள். எந்த ஆண்டு வரை இதற்குப் புதுப்பிப்பு உண்டு என்பதையும் அச்சிடட்டும். கணக்குத் தொடங்காமல் வீட்டு வைஃபைக்குள் பாட விடட்டும். பின்பக்கம் ஒரு துளை வைக்கட்டும். வாங்கிய நாளில் இருந்த வசதியை எடுத்தால் பணத்தைத் திருப்பித் தரட்டும். அடுத்த ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது நான் ஒலியைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதலில் கடைக்காரரிடம் அவர் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போட்டுக் காட்டச் சொல்வேன். பாடாவிட்டால் அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.