அளந்தால் தீர்ந்துவிடுமா?

மூளையின் துடிப்புகளை முழுக்க அளந்துவிட்டால் நனவு, அதாவது நாம் உள்ளே உணர்ந்து அனுபவிப்பது, பற்றிய கேள்வியே இருக்காது என்கிறார் இந்தத் தொடரின் கட்டுரையாளர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் வரிசையாக வைத்த தேநீர்ச் சாயத்தில் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவார். தேநீரில் உள்ள தியாஃபிளேவின் என்ற வேதிப்பொருள் எவ்வளவு என்று ஆய்வுகூடம் எண்ணாகச் சொல்லிவிடும். நாக்கின் ஓரம் இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு எந்த எண்ணில் இருக்கிறது? சளி பிடித்த நாளில் அதே சாயம் அவருக்கு வெறும் வெந்நீர். மூளையை அளந்தால் அந்த வித்தியாசம் தெரியும், சரி. ஆனால் அந்தத் துடிப்பு ஏன் ஒருவருக்குச் சுவையாக இருக்க வேண்டும்? 1995இல் தத்துவவியலாளர் டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்றது இதைத்தான்.

அப்புறம், நனவுக்கான நரம்புத் தடயம், அதாவது நனவோடு சேர்ந்து மூளையில் எழும் இயக்கம், 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் போத்தல்களைக் கொடுத்தார். அது தடயத்துக்கான பந்தயம் மட்டும்தான். அந்தத் துடிப்பு 'ஏன்' அனுபவமாகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அடுத்த பகுதியில் கட்டாயம் எழுதுங்கள்.