கேட்டுவிட்டு வெட்டுவதைவிடக் கேட்காமலே இருக்கலாம்

பட்ஜெட் சீசன் வந்துவிட்டால் பெரும்பாலான அலுவலகங்களில் நடப்பது இதுதான். ஃபைனான்ஸிலிருந்து ஒரு எக்ஸெல் ஷீட் வரும். "உங்கள் துறைக்கு அடுத்த வருடம் என்ன தேவை? வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்பவும்." மேனேஜர் தன் வேலையெல்லாம் முடிந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து அதை நிரப்புவார். சில வாரம் கழித்து இறுதி பட்ஜெட் வரும். அவர் எழுதிய எண் எதுவும் அதில் இருக்காது. ஏன் மாறியது என்று ஒரு வரிகூட இருக்காது. ஆனால் முதல் பக்கத்தில் "துறைத் தலைவர்களுடன் கலந்து ஆலோசித்துத் தயாரிக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும்.

இதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம் உண்டு. பட்ஜெட் போடும்போது மேனேஜர்களையும் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கு வேலையில் திருப்தி கூடும், வேலையும் நன்றாக நடக்கும் என்று நிர்வாகவியல் படித்த எல்லோரும் சொல்வார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதி நிபந்தனையோடுதான் உண்மை. கேட்டால், கேட்டதற்கு மதிப்பு இருக்க வேண்டும். மதிப்புக் கொடுக்க முடியாத இடத்தில் காரணமாவது சொல்ல வேண்டும். இரண்டுமே முடியாது என்றால் கேட்கவே வேண்டாம், எண்ணை நேராகக் கையில் கொடுத்துவிடலாம். அது எவ்வளவோ மேல்.

நான் அந்த ஷீட்டை அனுப்புகிற பக்கத்தில் வேலை பார்ப்பவன். அதனால் திரும்பி வருகிற ஷீட்டுகளைப் படிக்கிற வாய்ப்பு எனக்கு உண்டு. முன்பு நான் இருந்த ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் மேனேஜர் ஒருவர் இருந்தார். குறிப்பு எழுதுகிற கட்டத்தை எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள், இவர் மட்டும் நிரப்பி அனுப்புவார். இரண்டாவது லைனின் கன்வேயர் கியர்பாக்ஸில் சத்தம் மாறியிருக்கிறது, ஆயில் மாற்றும்போது இரும்புத் துகள் வருகிறது, ஸ்பேர் ஒரு செட் கையிருப்பில் வேண்டும், ஏனென்றால் ஆர்டர் கொடுத்தால் வந்து சேர நாலு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு கட்டத்தில் இருந்த விவரம் எங்கள் ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட் முழுவதிலும் யாருக்கும் தெரியாத விவரம். மேலிடத்தில் எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே சதவீதம் வெட்டினார்கள். ஸ்பேர் போய்விட்டது. யாரும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

கியர்பாக்ஸ் அந்த வருடம் உடையவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் அனுப்பிய ஷீட்டில் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. ஒவ்வொரு வரியிலும் போன வருட எண்ணோடு ஒரே சதவீதத்தைக் கூட்டிப் போட்டிருந்தார். போன் செய்து கேட்டேன். "சார், போன தடவை அவ்வளவு எழுதினேனே, யார் படிச்சாங்க? எப்படியும் வெட்டத்தான் போறாங்க. வெட்டின பிறகு எனக்குத் தேவையானது மிஞ்சணும், அவ்வளவுதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. தன் இயந்திரங்களின் நிலைமையைச் சொல்வதற்கு அவருக்கு இருந்த ஆர்வம் ஒரே வருடத்தில் போய்விட்டது, அதோடு நிறுவனத்துக்கு அவர் மூலமாக வந்துகொண்டிருந்த உண்மையும் நின்றுவிட்டது.

இது புதிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1952-லேயே கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பட்ஜெட் மனிதர்களை என்ன செய்கிறது என்று நேரில் போய்ப் பார்த்தார். மேற்பார்வையாளர்களை மீட்டிங்குக்கு அழைப்பார்கள், மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்பார்கள். அவர்கள் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள். கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். பின்னால் "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாதே! ஆர்ஜிரிஸ் இதற்குப் போலிப் பங்கேற்பு என்று பெயர் வைத்தார். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காகிதம் எக்ஸெல் ஆனது, கையெழுத்து இமெயில் அப்ரூவல் ஆனது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

உண்மையான பங்கேற்பு என்ன செய்யும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1948-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்ற பைஜாமா தயாரிக்கும் தொழிற்சாலையில் செய்தது. வேலை முறையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவிடம் மாற்றத்தை அறிவித்ததோடு சரி. அந்தக் குழுவில் உற்பத்தி விழுந்து எழவே இல்லை, முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட குழுக்கள் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்து, அதைவிடச் சுமார் 14 சதவீதம் மேலேயும் போனார்கள். ஒருவரும் வேலையை விடவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவர்கள் தையல் வேலை செய்த தொழிலாளர்கள், குழுக்களும் சிறியவை. 1960-ல் நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே மாதிரி செய்து பார்த்தபோது உற்பத்தியில் வித்தியாசமே தெரியவில்லை. இப்படிக் கலந்து பேசுவது முறையானதுதான் என்று நினைத்தவர்களிடம் மட்டும் மனநிலை மேம்பட்டது.

பட்ஜெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்த ஆய்வுகளிலும் இதே கதைதான். 1975-ல் கென் மிலானி தொழிற்சாலை மேற்பார்வையாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், பட்ஜெட் போடுவதில் பங்கு இருந்தவர்களுக்கு வேலை மீதும் நிறுவனத்தின் மீதும் நல்ல எண்ணம் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. வேலைத்திறனோடு இருந்த தொடர்போ பலவீனமாகத்தான் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பீட்டர் பிரௌனெல் இன்னொன்றைக் காட்டினார்: தன் முயற்சியால்தான் தன் விளைவு என்று நம்புகிறவர்களுக்குப் பங்கேற்பு பலன் தருகிறது. எல்லாம் வெளியே இருந்து தீர்மானமாகிறது என்று நினைப்பவர்களுக்கு அந்த அளவுக்குத் தருவதில்லை. எனக்கு இதைப் படித்தபோது அந்த மெயின்டெனன்ஸ் மேனேஜர்தான் நினைவுக்கு வந்தார். அவர் முதல் வகை ஆள். இரண்டாவது வகை ஆளாக அவரை மாற்றியது நாங்கள் நடத்திய பட்ஜெட்தான் என்பது என் எண்ணம்.

சரி, திருப்தி கூடினால் வேலை தானாக நன்றாக நடக்காதா? நடக்காது. திருப்தி என்பது என்னை மதித்தார்கள் என்ற உணர்வில் வருகிறது. வேலை நன்றாக நடக்க வேறு சில விஷயங்களும் வேண்டும். அந்த எண் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதை எட்டத் தேவையான ஆளும் பொருளும் வேண்டும், எதற்காக அந்த எண் என்பது புரிந்திருக்க வேண்டும். பேச விட்டதால் மட்டும் இதெல்லாம் வந்துவிடாது. பேச்சில் வந்த தகவல் பட்ஜெட்டுக்குள் போக வேண்டும். கன்வேயரின் சத்தம் எண்ணாக மாறி ஷீட்டில் உட்கார வேண்டும். பங்கேற்பால் வருகிற லாபத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிக் கதை ஒன்று உண்டு. டார்கெட்டைக் கலந்து பேசி வைத்தால் நன்றாக எட்டுகிறார்கள் என்று மிரியம் எரெஸின் சோதனைகள் காட்டின. மேலிருந்து கொடுத்தாலும் வித்தியாசம் இல்லை என்று கேரி லேதமின் சோதனைகள் காட்டின. இப்படி முரண்பட்டால் ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகக் கட்டுரை மேல் கட்டுரை எழுதிச் சண்டை போடுவார்கள். இவர்கள் எட்வின் லாக்கை நடுவராக வைத்துக்கொண்டு, சேர்ந்தே சோதனைகளை வடிவமைத்து, 1988-ல் முடிவை ஒன்றாக வெளியிட்டார்கள். வேறுபாடு எங்கே இருந்தது தெரியுமா? எரெஸின் சோதனையில் டார்கெட்டைக் கொடுக்கும்போது "இதுதான் இலக்கு" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். லேதம் காரணத்தை விளக்கி, உங்களால் முடியும் என்று நம்பிக்கையும் கொடுத்துத் தந்தார். காரணத்தோடு கொடுத்த டார்கெட் கலந்து பேசி வைத்த டார்கெட்டுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வேலை செய்தது. காரணம் சொல்லாமல் திணித்ததுதான் பின்தங்கியது.

1999-ல் தெரேசா லிபி இதைப் பட்ஜெட்டுக்கே கொண்டுவந்தார். கருத்துக் கேட்டுவிட்டு அதை ஒதுக்கிவிடுகிற நிலைமையைச் சோதனையில் உருவாக்கினார். ஒதுக்கியதற்கான காரணத்தை விளக்கியபோது கருத்துச் சொன்னவர்களின் வேலைத்திறன் மேம்பட்டது. ஆகவே, கேட்டதெல்லாம் கொடுக்க முடியாது என்று கவலைப்படுகிற நிர்வாகங்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாரும் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதில்லை. அந்த மெயின்டெனன்ஸ் மேனேஜரும் எதிர்பார்க்கவில்லை. "இந்த வருடம் கடன் தவணை அதிகம், ஸ்பேரை இரண்டாவது ஆறு மாதத்துக்குத் தள்ளுகிறோம், அதற்குள் சத்தம் அதிகமானால் உடனே சொல்லுங்கள்" என்று இரண்டு நிமிடம் போனில் பேசியிருந்தால் போதும். அந்தக் கட்டம் அடுத்த வருடமும் நிரம்பி வந்திருக்கும்.

இந்த இடத்தில் ஃபைனான்ஸ் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். மேனேஜர்களை எண் போடச் சொன்னால் செலவைக் கூட்டியும் விற்பனையைக் குறைத்தும்தானே போடுவார்கள்? நியாயமான கேள்வி. போடத்தான் செய்வார்கள். ஆனால் யார் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்று பாருங்கள். போனஸும் பதவி உயர்வும் பட்ஜெட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிற இடத்தில் போடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சதவீதம் வெட்டுவார்கள் என்று தெரிந்த இடத்தில் போடுகிறார்கள். மீதம் வைத்தால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிற இடத்தில் போடுகிறார்கள். நிதியாண்டின் கடைசி மாதத்தில் தேவையே இல்லாத பர்ச்சேஸ் ஆர்டர்கள் எங்கிருந்து வருகின்றன என்பது பில் பாஸ் செய்கிற எல்லோருக்கும் தெரியும். பொருளாதார அறிஞர் மைக்கேல் ஜென்சன் 2001-ல் எழுதிய கட்டுரையில் இதை உடைத்துச் சொன்னார்: போனஸைப் பட்ஜெட் டார்கெட்டோடு கட்டினால் பொய் சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறோம். உண்மையை எழுதியவனுக்கு நஷ்டம், கூட்டி எழுதியவனுக்கு லாபம் என்ற ஏற்பாட்டை வைத்துவிட்டு மேனேஜர்களின் நேர்மையைக் குறை சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

பட்ஜெட்டை வைத்து ஆளை எடைபோடுகிற முறையும் முக்கியம். 1972-ல் ஆன்தனி ஹாப்வுட் செய்த ஆய்வில், பட்ஜெட்டை எட்டினாயா இல்லையா என்பதை மட்டும் வைத்து மதிப்பிடப்பட்டவர்களிடம் மன உளைச்சல் அதிகம், சக ஊழியர்களோடு உறவும் மோசம், கணக்கைத் திரிப்பதும் நடந்தது. 1978-ல் டேவிட் ஓட்லி பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் பார்த்தபோது அந்தப் பாதிப்புகள் அப்படித் தெரியவில்லை. ஹாப்வுட் பார்த்தது ஒன்றையொன்று சார்ந்த செலவு மையங்களை, அதாவது செலவுக்கு மட்டும் பொறுப்பான பிரிவுகளை. ஓட்லி பார்த்ததோ ஓரளவு தனித்து இயங்கிய சுரங்கங்களை. தன் கையில் இருப்பதற்குத் தன்னைப் பொறுப்பாக்கினால் மனிதன் தாங்கிக்கொள்கிறான். பக்கத்துத் துறை செய்ததற்கும் சேர்த்துத் தன்னை எடைபோட்டால் உடைந்துபோகிறான்.

பட்ஜெட்டே வேண்டாம் என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு. சுவீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கியில் யான் வாலண்டர் 1970-ல் பொறுப்பேற்ற பிறகு அதைத்தான் செய்தார், வங்கி நன்றாகவே நடந்தது. ஆனால் அவர் கிளைகளுக்குக் கொடுத்த அதிகாரத்தில் பாதியைக்கூடக் கொடுக்க நம்மில் பல நிறுவனங்கள் தயாராக இல்லை. அதனால் இருக்கிற முறையையே கொஞ்சம் மனிதத்தன்மையோடு நடத்துவதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

இப்போது நான் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன மாற்றத்துக்காக வாதாடி வாங்கியிருக்கிறேன். திருப்பி அனுப்புகிற ஷீட்டில் மூன்று கட்டம் இருக்கும்: கேட்டது, கொடுத்தது, ஏன். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் ஷீட்டை அனுப்பக் கூடாது. "நிர்வாக முடிவு" என்று மட்டும் எழுதவும் கூடாது. ஆரம்பத்தில் எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள், நேரம் பிடிக்கிறது என்று. நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்ப உட்காரும்போதுதான் சில வெட்டுகளுக்கு எங்களிடமே காரணம் இல்லை என்பது தெரிகிறது. அப்புறம் அந்த மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். சில நேரம் எண் மாறுகிறது, சில நேரம் மாறுவதில்லை. அடுத்ததாக, எல்லோருக்கும் ஒரே சதவீதம் வெட்டுகிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.