பத்து நிமிடத்தில் மனநோயைக் கண்டுபிடிக்க முடியாது

மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நேரம் பேசினார், என்னவெல்லாம் கேட்டார் என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். "தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டார்" என்று பதில் வந்தால் வயிற்றைக் கலக்கும். மருந்துகள் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. எங்கள் வீட்டில் ஓர் உயிர் இன்று நிம்மதியாக நடமாடுவது மருந்தால்தான். என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய, நடக்காமலே போகிற ஒன்றைப் பற்றியது.

சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தில் தெரியும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். மனச்சோர்வு, பதற்ற நோய், வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி., மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு, மாயக்குரல் கேட்பது போன்றவை வரும் மனச்சிதைவு ஆகிய எதையும் "இதோ இருக்கிறது" என்று உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை நடைமுறையில் இல்லை. பேச்சுதான் இங்கே பரிசோதனை. எப்போது தொடங்கியது, எப்படி ஏறி இறங்கியது, இதற்கு முன் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் நோயை நெருங்க முடியும். இவற்றைக் கேட்காமல் சீட்டு எழுதுவதும், இதய நோயாளிக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் மருந்து கொடுப்பதும் ஒன்றுதான். பின்னதை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டோம். முன்னதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

அதற்காக ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று பொருளில்லை. உடம்பில் இருக்கும் கோளாறு மனநோய் வேடம் போடுவது பழைய கதை. தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, மந்தம், எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும். அச்சு அசல் மனச்சோர்வு போலவே இருக்கும். ரத்தசோகையும் பி12 குறைபாடும் அப்படித்தான். ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்கு மனநிலையையே புரட்டிப் போட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநோய் விடுதிகளில் கிடந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இருந்தது மூளையைத் தாக்கிய சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அந்த மூளைகளில் சிபிலிஸ் கிருமி இருப்பதை 1913இல் நோகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிற்பாடு பெனிசிலின் வந்து அந்த நோயாளிக் கூட்டத்தையே பெரும்பாலும் இல்லாமல் ஆக்கியது. அண்மைக் காலத்திலும் 2007இல், உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி அடையாளம் காணப்பட்டது. நல்லபடியாக இருந்த இளம்பெண் திடீரென்று மாயக்குரல் கேட்டுக் கூச்சலிடுகிறாள் என்றால், மனச்சிதைவு என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையும் பார்த்தாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை கால் மரத்துப்போகிறது, "செத்துவிடுவேன்" என்ற பீதி. ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லையா? சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணியும் இந்தப் பீதித் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால், அதற்குப் பீதி நோய் (பேனிக் டிஸ்ஆர்டர்) என்று பெயரும் உண்டு, நன்றாக வேலை செய்யும் சிகிச்சையும் உண்டு. அதைச் சொல்லாமல் அனுப்பப்பட்டவர் அடுத்த தாக்குதலுக்கு அடுத்த மருத்துவமனைக்குப் போகிறார். பிறகு பஸ்ஸில் ஏற பயம், லிஃப்டில் ஏற பயம், தனியாக இருக்க பயம். உலகம் சுருங்கிச் சுருங்கி ஓர் அறைக்குள் அடங்கிவிடுகிறது. அன்றைக்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

மனச்சோர்வைக் கண்டறிய வரையறை இருக்கிறது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாக, ஏறக்குறைய எல்லா நாளும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். இதையொட்டி பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் எங்கும் புழங்குகிறது. மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். நல்ல கருவிதான். ஆனால் அது சலிக்கிற சல்லடை மட்டுமே. பறிகொடுத்த துக்கத்தில் இருப்பவரும், தைராய்டு குறைந்தவரும், இருமுனைக் கோளாறின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவரும் ஒரே பதினெட்டு மதிப்பெண் வாங்கக்கூடும். அந்த மூவருக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுப்பதை எப்படி வைத்தியம் என்று சொல்வது?

என் அக்காவுக்கு நடந்தது இதுதான். மனச்சோர்வு என்று சொல்லிச் சில ஆண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். சரியாகும். மறுபடி விழுவாள். டோஸ் ஏறும். வேறு மாத்திரை வரும். ஒவ்வொரு முறையும் பேச்சு எண்ணிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடைசியில் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் அக்காவிடம் நெடுநேரம் பேசிவிட்டு, அவளிடம் அனுமதி கேட்டு, என்னையும் உள்ளே அழைத்தார். "உங்கள் அக்கா இரவில் மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, மறுநாள் களைப்பே இல்லாமல் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாருமே எங்களிடம் கேட்டதில்லை.

உண்டு. இரவு இரண்டு மணிக்கு அலமாரியில் இருந்த அத்தனையையும் தரையில் இறக்கி, நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒரே வாரத்தில் மூன்று பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டினாள். பேச ஆரம்பித்தால் குறுக்கே ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. அவளைப் பொறுத்தவரை அவை நலமாக இருந்த நாட்கள். தன் நோயைப் பற்றிச் சொல்ல வந்தவள் அவற்றை எதற்குச் சொல்வாள்? அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கூட இருக்கும் ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கிறது. மட்டுமீறிய உற்சாகம் நான்கு நாட்கள் தொடர்ந்தாலே அதைக் குறிப்பெடுக்க வேண்டும். ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அது முழுமையான பித்துநிலை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால், அதுவே சிலரை அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. எங்கள் வீட்டில் ஏறி இறங்கியதில் நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அக்காவுக்கு லித்தியம் தொடங்கினார்கள். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பித்துநிலைக்குப் பயன்படுத்திப் பார்த்து எழுதிய மருந்து. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இருமுனைக் கோளாறில் இதன் இடத்தை வேறெதுவும் முழுமையாகப் பிடிக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் மாத்திரை இல்லை இது. ரத்தத்தில் இதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் நஞ்சு. சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வாந்தி பேதியில் உடம்பு வறண்டாலும், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டாலும் அளவு ஏறக்கூடும். இதையெல்லாம் அந்த மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மருந்தோடு விளக்கமும் கைக்கு வந்த முதல் நாள் அது.

ஒரே நோயாளியை இருவர் இரண்டு விதமாகப் பார்ப்பது இந்தத் துறையில் புதிதல்ல. 1960களில், நியூயார்க்கில் மனச்சிதைவு என்று சொல்லப்பட்ட பலரை லண்டன் மருத்துவர்கள் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்ற மனநிலைக் கோளாறு என்றே சொல்லியிருப்பார்கள் என்பதை, இரு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. நோயாளிகள் அதே மாதிரிதான் இருந்தார்கள். மருத்துவர்களின் பழக்கம்தான் வேறாக இருந்தது. அந்தச் சங்கடங்களிலிருந்துதான் 1980இல் மனநோய்களை வரையறுக்கும், அமெரிக்காவின் டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பு, இன்ன அறிகுறி, இத்தனை நாள் என்று வரையறைகளைக் கறாராக்கியது. வரையறை வந்தும், அதைக் கேட்டுப் பார்க்க நேரம் ஒதுக்காவிட்டால் பழைய குருட்டுத்தனம்தான் மிஞ்சும்.

கேட்டால் மட்டுமே வெளியே வரும் இன்னொரு நோய் ஓ.சி.டி. கை கழுவிக்கொண்டே இருப்பது மட்டும்தான் ஓ.சி.டி. என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் "இதை நான் ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற எண்ணம் வந்து மோத, நடுங்கிப்போய்க் குழந்தையைத் தொடவே அஞ்சும் தாய்மார்கள் உண்டு. அந்த எண்ணம் அவர்களுக்கே அருவருப்பானது. அவர்கள் விரும்பாதது. சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து, "கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது டாக்டர்" என்று மட்டும் சொல்வார்கள். அதற்குப் பதற்ற மாத்திரை கிடைக்கும். ஓ.சி.டி.க்கு வேண்டியது வேறு. அஞ்சுவதை நேருக்கு நேர் எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை வேண்டும். மருந்து என்றால் பெரும்பாலும் கூடுதல் டோஸும், பத்து, பன்னிரண்டு வாரப் பொறுமையும் வேண்டும். "அப்படி எண்ணங்கள் வருவதுண்டா? பலருக்கு வரும்" என்று மருத்துவர் தாமாக ஒரு வாசல் திறந்தால் போதும், அந்தத் தாய் அழுதுகொண்டே சொல்லிவிடுவாள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். மனச்சோர்வு மருந்துகளில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். முதல் வாரத்தில் குமட்டல், ஒரு பரபரப்பு, தூக்கக் குலைவு. பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் எத்தனையோ பேர் பத்தாம் நாளே "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், முதல் சில வாரங்களில் அடிக்கடி பார்த்துப் பேச வேண்டும். முதல் மருந்திலேயே முழுக் குணம் கிடைப்பது பலருக்கு நடப்பதில்லை. 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் கட்டத்தில் அது கிடைத்தது சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான். ஆகவே மருந்தை மாற்ற வேண்டியிருந்தால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வந்து ஆட்டிவைக்கும்.

பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம், டயசிபாம் வகை மாத்திரைகள் வேறு கதை. அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். அந்த வேகம்தான் ஆளை மயக்கிப் பிடித்துக்கொள்கிறது. சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும், விடுவது பெரும்பாடு. ஒரு நெருக்கடிக்குக் கொஞ்ச நாள் என்று கொடுக்கப்பட்டதை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் சொல்லாத மருத்துவரிடம், நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

லேசான மனச்சோர்வுக்கு மாத்திரைதான் முதல் வழி என்பதும் கட்டாயமில்லை. நோயாளி தாமே விரும்பினாலொழிய, அதற்கு வழக்கமாக முதலில் மருந்து கொடுக்க வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டியிருக்கிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. போன்ற உளவியல் சிகிச்சைகளுக்கு உறுதியான ஆதாரம் உண்டு. ஆனால் அது பயிற்சி பெற்றவர் வாரம்தோறும் ஒழுங்காக நடத்த வேண்டிய வேலை. "தைரியமாக இருங்கள், யோகா செய்யுங்கள்" என்று எழுந்து நின்றபடியே சொல்வதை கவுன்சலிங் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடுமையான மனச்சோர்வில் உண்ணாமல், பேசாமல் கிடப்பவருக்கு மின்அதிர்வு சிகிச்சை உயிர் காக்கும். மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தித்தான் இன்று அதைச் செய்கிறார்கள். தற்காலிக ஞாபகக் குறைவு வரலாம், அதை மறைக்கக் கூடாது. சினிமாவில் பார்த்த காட்சியை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று கையெழுத்துப் போட மறுக்கவும் கூடாது.

மருத்துவருக்கு நேரமில்லை, வாசலில் கூட்டம் நிற்கிறது என்பார்கள். உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நாடுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவது சராசரியாக இரண்டு சதவீதம்தான். அந்த அநியாயத்தின் சுமை மருத்துவர் தலையிலும் விழுகிறது. ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் படிவத்தை நிரப்பச் சொல்லலாம். ஒரே நாளில் முடியாததை இரண்டாவது சந்திப்பில் தொடரலாம். "இப்போதைக்கு இப்படி நினைக்கிறேன், இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு உறுதி செய்வோம்" என்று சொல்லலாம். இந்த ஒரு வரியைச் சொல்கிற மருத்துவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டியது உண்டு. எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், குடும்பத்தில் யாருக்கு என்ன, இதுவரை வந்த உற்சாக நாட்களும் விழுந்த நாட்களும், இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

மருத்துவருக்காகக் காத்திராமல் நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் நாளுக்கு நாள் ஒடுங்கிப்போனால், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்கு அது ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். "ஆமாம்" என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், புத்திமதி சொல்லாதீர்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கு ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மாத்திரை டப்பா, பூச்சிமருந்து, எதுவானாலும் அவர் கைக்கு எட்டாதபடி அகற்றுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கானாலும் சரி, கூட்டிக்கொண்டு போங்கள்.